பெரிய காலும் சிறிய காலும்: டம்ளர் தண்ணீரில் பின்னம் கற்பித்த ஒரு நிகழ்வின் ஆய்வு

காவிரிப் படுகையில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பின்னங்கள் பாடத்தைக் கரும்பலகையில் வட்டம் வரைந்து நடத்துவதை விட்டுவிட்டு, தண்ணீரையும் டம்ளரையும் வைத்து நடத்திப் பார்த்தபோது முதல் நாளிலேயே நேர்ந்த ஒரு பிழையையும், அதைச் சரிசெய்யப் போய் அடுத்த இரண்டு வாரங்களில் தெரியவந்தவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். பிழை பிள்ளைகளுடையதன்று, என்னுடையது. பயிற்சி வகுப்புகளில் நானே மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நாள்

சந்தையில் ஒரே மாதிரியான ஆறு கண்ணாடி டம்ளர்கள் வாங்கியிருந்தேன். அடி குறுகி வாய் அகன்ற, நாம் எல்லா வீடுகளிலும் பார்க்கும் வடிவம். உட்புறத்தில் ஆழம் 10 சென்டிமீட்டர். வாயின் குறுக்களவு 7 சென்டிமீட்டர். அடியின் குறுக்களவு 5 சென்டிமீட்டர். காகிதப் பட்டை ஒன்றை அடியிலிருந்து விளிம்பு வரை ஒட்டி, அதை 2.5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக நான்கு சமபாகமாகப் பிரித்து, கீழிருந்து கால், அரை, முக்கால் என்று எழுதியிருந்தேன். பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்திருந்தேன். நீல நிறம் நன்றாகவே தெரிந்தது. அதனால்தான் பிழையும் மறைக்க முடியாதபடி தெரிந்தது.

ஒரு மாணவனையும் ஒரு மாணவியையும் அழைத்து, ஆளுக்குக் கால் டம்ளர் தண்ணீரை அளந்து, முன்னால் வைத்திருந்த ஒரே அளவுள்ள இரண்டு காலி மருந்து பாட்டில்களில் ஊற்றச் சொன்னேன். மாணவன் வெறும் டம்ளரில் ‘கால்’ என்ற கோடு வரை தண்ணீர் பிடித்துத் தன் பாட்டிலில் ஊற்றினான். மாணவியின் முன்னால் இருந்த டம்ளரில் ஏற்கெனவே விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. அவள் அதிலிருந்து, நீர்மட்டம் ‘முக்கால்’ கோட்டுக்கு இறங்கும் வரை தன் பாட்டிலில் சாய்த்தாள். முழுமையில் முக்கால் மிஞ்சினால் வெளியே போனது கால்தானே என்று அவள் சொன்ன விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளபடியே அது அவனுடைய வழியைவிட நுட்பமான வழி.

இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, அவளுடைய பாட்டிலில் தண்ணீர் ஒன்றரை மடங்குக்கும் மேலான உயரத்தில் நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டு, “டீச்சர், என் கால் பெரிசா இருக்கு, அவன் கால் சின்னதா இருக்கு” என்றாள். வகுப்பு முழுவதும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, கை நடுங்கியிருக்கும், மறுபடி ஊற்று என்றேன். மறுபடியும் அப்படியே வந்தது. மூன்றாவது முறை நானே ஊற்றினேன்; அப்போதும் அப்படியே வந்தது. மணி அடித்தது என்னைக் காப்பாற்றியது.

டம்ளரின் கணக்கு

மாலையில் வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்து எடுத்துப் பார்த்தேன். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம் என்பதால் (நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டருக்கு நாலைந்து கிராம் குறையும், அவ்வளவுதான்) அளவு ஜாடி இல்லாத பள்ளிக்குத் தராசே நல்ல அளவு ஜாடி. டம்ளர் நிறைய ஊற்றிய தண்ணீரின் எடை 284 கிராம். ‘அரை’ என்று நான் கோடு போட்ட இடம் வரை ஊற்றினால் வர வேண்டியது 142 கிராம்; வந்தது 119 கிராம். ‘கால்’ கோட்டில் 71 வர வேண்டிய இடத்தில் 54 வந்தது. ‘முக்கால்’ கோட்டில் 213-க்குப் பதில் 195.

காரணம் எளியது, எளியது என்பதாலேயே கண்ணில் படாதது. டம்ளரின் அடியில் வட்டத்தின் குறுக்களவு 5, வாயில் 7. பரப்பு குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அடி வட்டத்துக்கும் வாய் வட்டத்துக்கும் உள்ள விகிதம் 25-க்கு 49, அதாவது கிட்டத்தட்ட ஒன்றுக்கு இரண்டு. ஒரே 2.5 சென்டிமீட்டர் உயரமுள்ள பட்டை அடியில் 54 மில்லிலிட்டரும், அடுத்ததில் 65-ம், அதற்கடுத்ததில் 77-ம், விளிம்பை ஒட்டிய மேல்பட்டையில் 89-ம் கொள்கிறது. மாணவன் எடுத்தது அடிப்பட்டை. மாணவி எடுத்தது மேல்பட்டை. இரண்டுமே கால் அல்ல. நான் பிள்ளைகளுக்குத் தண்ணீரின் பின்னத்தைக் கற்பிப்பதாக நினைத்துக்கொண்டு, காகிதப் பட்டையின் பின்னத்தைக் கற்பித்திருக்கிறேன்.

மறுநாள் இதைக் கேட்ட தலைமையாசிரியர் ஒரு வழி சொன்னார். பட்டையெல்லாம் எதற்கு, டம்ளரைச் சாய்த்துப் பிடி; தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பையும் மறுபக்கம் அடி ஓரத்தையும் தொட்டு நிற்கும்போது சரியாக அரை இருக்கும் என்றார். பால்காரர்கள் நேராக உருளை வடிவில் உள்ள படியில் பாதி அளக்கக் கையாளும் வழி இது என்று அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நேர்ச்சுவர் உள்ள பாத்திரத்தில் அந்தச் சாய்ந்த நீர்ப்பரப்பு பாத்திரத்தை அச்சு மாறாத இரண்டு துண்டுகளாக வெட்டுகிறது. தண்ணீர் உள்ள துண்டைத் தலைகீழாகத் திருப்பினால் காற்று உள்ள துண்டின் மேல் அப்படியே பொருந்தும். ஆகவே அரை என்பது அங்கே துல்லியம். ஆனால் எங்கள் டம்ளரில் தண்ணீர் உள்ள துண்டுக்குக் குறுகிய அடியும், காற்று உள்ள துண்டுக்கு அகன்ற வாயும் கிடைக்கின்றன. சாய்த்துப் பிடித்து மிஞ்சிய தண்ணீரைத் தராசில் வைத்தபோது 107 கிராம்தான் இருந்தது. முழுமையில் அது எட்டில் மூன்று பங்கு. பழைய கணக்கில் சொன்னால் காலே அரைக்கால். தலைமையாசிரியர் தராசை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, “பால்காரர் படி நேரா இருக்கும்மா” என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில் குழந்தை உளவியலில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒரு சோதனையைத் தொட்டுச் செல்வது தேவை. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, அகன்ற பாத்திரத்திலிருந்து தண்ணீரைக் குறுகிய உயரமான பாத்திரத்துக்கு மாற்றி ஊற்றிவிட்டு, எதில் அதிகம் என்று சிறுவர்களைக் கேட்டார். ஏறக்குறைய ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் உயரமாக நிற்பதில்தான் அதிகம் என்றார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் ஊற்றி மாற்றியதால் அளவு மாறாது என்றார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பத்து வயது. அதே சோதனையை அவர்களிடம் செய்தபோது எவரும் ஏமாறவில்லை. ஆயினும் அவர்களும், அவர்களைவிட முப்பது வயது மூத்த நானும், உயரத்தில் பாதி என்றால் அளவிலும் பாதி என்று நம்பினோம். ஊற்றி மாற்றினால் தண்ணீர் கூடாது குறையாது என்று அறிவது ஒன்று. உயரத்தைப் பார்த்து அளவைச் சொல்வது வேறொன்று. முதலாவது வந்துவிட்டால் இரண்டாவதும் தானே வந்துவிடும் என்று பாடத்திட்டம் எழுதுவோர் எண்ணிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து. இரண்டாவது பெரியவர்களுக்கே வராமல் போகலாம் என்பதற்கு நானே சான்று.

கோடு இல்லாமல் அளப்பது

இரண்டாவது வகுப்புக்கு முன் பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டேன். ஒரு டம்ளர் நிறைய நீலத் தண்ணீரும், பக்கத்தில் அதே மாதிரியான ஒரு வெறும் டம்ளரும் வைத்து, இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாக வரும் வரை மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னேன். பாத்திரம் எவ்வளவு கோணலாக இருந்தாலும், இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்து மட்டமும் ஒன்றாக இருந்தால் அளவும் ஒன்றுதான். இங்கே அடிப்பட்டைக்கும் மேல்பட்டைக்கும் வேலையே இல்லை. தரையில் உட்கார்ந்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, இரண்டு நீல விளிம்புகளும் ஒரே கோட்டில் தெரிகின்றனவா என்று பிள்ளைகள் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒருத்தி மட்டும் மேலிருந்து குனிந்து பார்த்துச் சரி என்றாள். பக்கத்தில் இருந்தவன், “உட்கார்ந்து பாரு, அங்கிருந்து பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்” என்று அவளை இழுத்து உட்கார வைத்தான்.

இப்படி வந்த அரையை மறுபடி இரண்டு டம்ளரில் பகிர்ந்தால் கால். அதைப் பகிர்ந்தால் அரைக்கால். அதையும் பகிர்ந்தால் வீசம். வீசம் என்பது பதினாறில் ஒன்று. எங்கள் டம்ளரில் அது 18 மில்லிலிட்டருக்குச் சற்றே குறைவு, அதாவது ஒரு டேபிள் ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல். அதற்குக் கீழே பகிர முடியவில்லை. டம்ளரின் அடியில் அது மிகக் குறைந்த உயரமே நிற்கிறது. மட்டத்தைக் கண்ணால் ஒப்பிட முடிவதில்லை. கருவியின் எல்லை எங்கே வருகிறது என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் அந்த ஒரு விரற்கடையும் இல்லாத தண்ணீரே காட்டிவிட்டது.

அரையும் காலும் முக்காலும் உண்மையில் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று இப்போது புதிய பட்டை ஒட்டிக் குறித்தோம். கால், அடியிலிருந்து 3.2 சென்டிமீட்டரில் வந்தது, அரை 5.8-ல், முக்கால் 8-ல். கோடுகளுக்கு இடையேயான தூரம் மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்த மாணவர்கள், அது ஏன் என்பதைப் பரப்பு, வர்க்கம் என்ற சொற்கள் இல்லாமலே “மேலே அகலமா இருக்கு, அதனால சீக்கிரம் ஏறாது” என்று சொன்னார்கள். கோட்டில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் அடிப்பக்கத்தில் 2 மில்லிலிட்டர் போகிறது, விளிம்புப் பக்கத்தில் ஏறக்குறைய 4 மில்லிலிட்டர் போகிறது என்பதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் மருந்தைச் சின்ன மூடியில் அளக்கச் சொல்வதன் காரணம் அதுதான்.

ஆயாவின் உழக்கு

மூன்றாவது நாள் இந்தக் கூத்தைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சத்துணவுக் கூடத்து ஆயா, தன் வீட்டிலிருந்து படி, உழக்கு, ஆழாக்கு என்று மூன்று பித்தளை அளவைகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “டம்ளர்ல என்ன டீச்சர் அளக்கறீங்க, அளக்கறதுக்குன்னு செஞ்சது இங்க இருக்கு” என்பது அவர் வாதம். அது சரியான வாதம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு; இரண்டு உழக்கு ஒரு உரி; இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. எட்டு நாழி ஒரு குறுணி என்கிற மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். படிக்குக் கீழே இறங்குவதெல்லாம் பாதி, பாதி, பாதி என்றே இறங்குகிறது: படியில் அரை உரி, கால் உழக்கு, அரைக்கால் ஆழாக்கு. கோடு போடத் தெரியாத, தராசும் இல்லாத ஒருவர் ஒரே மாதிரியான இரண்டு பாத்திரங்களைக் கொண்டு எந்தச் சண்டையும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரே பகிர்வு பாதியாக்குவதுதான். முந்தைய நாள் நாங்கள் வகுப்பில் செய்ததும் அதுவே. அளவைகள் இப்படி அமைந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனக்கு இந்தக் காரணமே போதுமானதாகப் படுகிறது.

நம் பின்னச் சொற்களிலும் இரண்டு கிளைகள் உண்டு. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதியாகிக்கொண்டே போவது ஒன்று. இருபதில் ஒன்றான மா, அதில் காலான காணி (எண்பதில் ஒன்று), அதில் காலான முந்திரி (முந்நூற்றிருபதில் ஒன்று) என்று போவது மற்றொன்று. முதல் கிளை காசிலும் இருந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தபோது எட்டணா அரை, நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு நயாபைசாவானதும் வீசம் புழக்கத்திலிருந்து நழுவியது. ‘முக்காலே மூணு வீசம்’ என்ற சொற்றொடர் மட்டும், ஏறக்குறைய முழுவதும் என்ற பொருளில் தங்கிவிட்டது. அதன் கணக்கைப் பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள். முக்கால் பதினாறில் பன்னிரண்டு, அதோடு மூன்று, ஆகப் பதினாறில் பதினைந்து. விளிம்பு வரை நிறைந்த டம்ளரிலிருந்து ஒரு டேபிள் ஸ்பூனைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டு, இதுதான் முக்காலே மூணு வீசம் என்று காட்டினேன். வீட்டில் தாத்தா அடிக்கடி சொல்லும் சொல் ஒன்றுக்கு ஒரு நீர்மட்டம் உண்டு என்பது ஒரு மாணவனுக்குப் பெரிய வியப்பு.

எட்டு ஆழாக்குத் தண்ணீரை ஆயாவின் படியில் ஊற்றிச் சரிபார்த்தபோது எட்டாவது ஆழாக்கின் கடைசிப் பங்கு வழிந்து மேசையில் ஓடியது. படியைத் திருப்பிப் பார்த்தால் அடி உள்வாங்கி நசுங்கியிருந்தது. ஏழே முக்கால் ஆழாக்குதான் அது கொண்டது. ஆயா கோபித்துக்கொண்டார், படி சரியாகத்தான் இருக்கிறது, ஆழாக்குதான் பெரியது என்றார். எது முழுமை என்று முன்பே ஒத்துக்கொள்ளாதவரை அவர் சொல்வதையும் மறுக்க வழியில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லின் அளவைச் சொல்லும்போது வெறுமனே இத்தனை மரக்கால் என்று விடாமல், ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் இத்தனை என்று பெயரிட்டே சொல்லியிருப்பது அந்த மேசையில் வழிந்த தண்ணீரைத் துடைத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது. சோழர் காலத்தில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளை விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று எழுதிவைத்தவர்களுக்கு, எந்த உழக்கு என்ற கேள்வி நாளைக்கு வரும் என்று தெரிந்திருக்கிறது.

தானியத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள ஒரு வேறுபாட்டையும் ஆயாதான் எடுத்துச் சொன்னார். அரிசியைக் குவித்தும் அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். அதில் வரும் வித்தியாசமே ஒரு வியாபாரம். தண்ணீரைக் குவிக்க முடியாது. அது தானே தலைதட்டிக்கொள்ளும். விளிம்புக்கு மேல் சற்றே புடைத்து நிற்கும்படி சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்து, கடைசிச் சொட்டில் அது உடைந்து வழிவதைப் பிள்ளைகள் ரசித்தார்கள் என்பதைத் தவிர, தண்ணீரில் ஏமாற்ற அதிகம் இடமில்லை.

அரையும் மூன்றில் ஒன்றும்

கூட்டலுக்கு வந்தபோது எல்லா வகுப்புகளிலும் நிகழ்வது இங்கும் நிகழ்ந்தது. 1/2 + 1/3 எவ்வளவு என்று எழுதச் சொன்னால், பலருடைய பலகையில் 2/5 என்று வந்தது. மேலுள்ளதை மேலோடும் கீழுள்ளதைக் கீழோடும் கூட்டுவது. தண்ணீர் இதைக் கேள்வியாக மாற்ற உதவியது. ஏற்கெனவே அரை டம்ளர் இருக்கிறது. அதில் இன்னும் ஊற்றிய பிறகு ஐந்தில் இரண்டு, அதாவது அரைக்கும் குறைவாக, ஆகுமா என்று கேட்டதும் பலகைகள் அழிக்கப்பட்டன. மூன்று டம்ளர்களில் மட்டம் ஒன்றாக வரும்படி பகிர்ந்து மூன்றில் ஒன்றை எடுத்தோம். நம் பின்னச் சொற்களின் வரிசையில் இதற்கென அரை, கால் போல ஒரு தனிச்சொல் புழக்கத்தில் இல்லை. மூன்றாகப் பகிர்வது எவ்வளவு தொல்லை என்பதை அன்று செய்து பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரிந்திருக்கும். அரை டம்ளரில் அதை ஊற்றினோம். மேலே மிஞ்சிய இடம் எவ்வளவு என்று பார்க்க, இன்னொரு மூன்றில் ஒன்றை இரண்டாகப் பகிர்ந்து அதில் ஒரு பங்கை ஊற்றியபோது தண்ணீர் சரியாக விளிம்பைத் தொட்டது. மிஞ்சிய இடம் ஆறில் ஒன்று. ஆகவே கூட்டுத்தொகை ஆறில் ஐந்து.

இதோடு பாடம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாணவன் முடிக்க விடவில்லை. அவனுடைய அப்பா பேருந்து நிறுத்தத்தில் நன்னாரி சர்பத் போடுகிறார். ஒரு கரண்டி சர்பத்துக்கு ஒரு கரண்டி தண்ணீர் சேர்த்தால் கலவையில் பாதி சர்பத். ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டித் தண்ணீர் சேர்த்தால் மூன்றில் ஒன்று சர்பத். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் மொத்தம் ஐந்து கரண்டியில் இரண்டு கரண்டி சர்பத், அதாவது ஐந்தில் இரண்டு என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. சற்றுமுன் நான் தவறு என்று அடித்த விடையை அவன் தன் அப்பாவின் கடையிலிருந்து சரி என்று நிறுவிக்கொண்டிருந்தான்.

எனக்கு இந்த நிகழ்வு முழுவதிலும் இதுவே முதன்மையான இடமாகத் தோன்றுகிறது. டம்ளரில் ஊற்றியபோது ‘அரை’ என்பது ஒரு டம்ளரில் அரை. ‘மூன்றில் ஒன்று’ என்பதும் அதே அளவுள்ள டம்ளரில் மூன்றில் ஒன்று. இரண்டுக்கும் முழுமை ஒன்றே. சர்பத்தில் ‘பாதி’ என்பது இரண்டு கரண்டிக் கலவையில் பாதி. ‘மூன்றில் ஒன்று’ என்பது மூன்று கரண்டிக் கலவையில் மூன்றில் ஒன்று. கடைசியில் வரும் முழுமை ஐந்து கரண்டி. முதல் கணக்கில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்கிறோம். இரண்டாவதில் எவ்வளவு தித்திப்பு என்று கேட்கிறோம். பிள்ளைகள் 2/5 என்று எழுதுவதை மடமை என்று சொல்லிவந்த நான், அது கேட்கப்படாத வேறொரு கேள்விக்கான சரியான விடை என்பதை இத்தனை ஆண்டுகளாகக் கவனிக்கவில்லை.

இதையும் அவனிடம் சோதித்துப் பார்த்தேன். கரண்டிக் கணக்கை விட்டுவிட்டு, பாதி சர்பத் உள்ள கலவையில் ஒரு முழு டம்ளரும், மூன்றில் ஒன்று சர்பத் உள்ள கலவையில் ஒரு முழு டம்ளரும் எடுத்துச் சேர்த்தால் என்ன ஆகும்? அவன் முதலில் ஐந்தில் இரண்டுதான் என்றான். பிறகு விரலை மடக்கிக் கணக்கிட்டு, அரை டம்ளர் சர்பத்தும் மூன்றில் ஒரு டம்ளர் சர்பத்தும் சேர்ந்து ஆறில் ஐந்து டம்ளர், அது இரண்டு டம்ளரில் கலந்திருப்பதால் பன்னிரண்டில் ஐந்து என்றான். ஐந்தில் இரண்டைவிட அது ஒரு துளி தித்திப்பு கூட. தன் அப்பா டம்ளரில் கலப்பதில்லை, கரண்டியில்தான் கலப்பார் என்பதால் தான் முதலில் சொன்னதே கடைக்குச் சரி என்றும் சேர்த்துக்கொண்டான்.

ஒரு லிட்டர் எத்தனை டம்ளர்

வீட்டில் எங்கெல்லாம் டம்ளரால் அளக்கிறார்கள் என்று பார்த்து எழுதிவரச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் சோற்றுக்கு அளப்பதை எழுதியிருந்தார்கள்: ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். இதில் டம்ளர் எவ்வளவு பெரியது என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. அரிசியை அளந்த டம்ளராலேயே தண்ணீரையும் அளந்தால் போதும். அளவு தெரியாமலே விகிதம் சரியாக வந்துவிடும் என்பதால்தான் சமையலறை இத்தனை காலம் அளவு ஜாடி இல்லாமல் நடந்திருக்கிறது.

ஒரு மாணவி எழுதிவந்தது வேறு வகை. அவளுடைய தம்பிக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டபோது, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை முழுவதுமாக ஒரே டம்ளரில் கரைத்துவிட்டார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வந்து பார்த்துவிட்டு அதைக் கீழே கொட்டச் சொல்லியிருக்கிறார். பையன் ஒரு மடக்குதான் குடித்திருந்தான். கரிக்கிறது என்று துப்பிவிட்டான். இதை விகிதக் கணக்குப்போல் கடந்துவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டின்படி ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் 20.5 கிராம் பொடி இருக்கிறது: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. குடலில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே உறிஞ்சப்படுவதால் தண்ணீரும் கூடவே உள்ளே போகிறது. அதற்கு அந்த விகிதம் மட்டும் போதாது, செறிவும் சரியாக இருக்க வேண்டும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் செய்து பலரைக் காப்பாற்றினார். ஊசி போடத் தெரியாதவர்களும் செய்ய முடிந்த மருத்துவம் அது; ஆனால் அளந்து கலந்த மருத்துவம். பல மடங்கு செறிவாகக் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகும். கடைகளில் 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலமும் கிடைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது; அதை ஒரு லிட்டரில் கரைத்தால் வெறும் தண்ணீர்போல் ஆகிவிடும்.

ஆகவே மறுநாள் வகுப்பில் எங்கள் டம்ளரில் ஒரு லிட்டர் எத்தனை என்று பார்த்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஊற்றத் தொடங்கினால், விளிம்பு தொட நிறைந்த மூன்று டம்ளர்களும், நான்காவதில் பாதியும் வந்தன. நாலு டம்ளர் ஒரு லிட்டர் என்று வீட்டில் சொல்வது எப்படி என்று கேட்டதற்கு, யாரும் விளிம்பு வரை பிடிக்க மாட்டார்களே என்று ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கால் லிட்டர் எந்த உயரத்தில் வருகிறது என்று தேடினோம். விளிம்புக்குச் சரியாக ஒரு சென்டிமீட்டர் கீழே வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் டம்ளரின் முழுக் கொள்ளளவில் அது எட்டில் ஏழு பங்கு: முக்காலே அரைக்கால். அந்த மாணவி பட்டையில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, ‘முக்காலே அரைக்கால் = கால் லிட்டர்’ என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதினாள். இந்த டம்ளருக்கு மட்டும் என்று பக்கத்தில் எழுதும்படி நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே எழுதியிருந்தாள். பொட்டலத்தைக் காலாகப் பங்கிட்டு ஒவ்வொரு டம்ளராகக் கரைக்கலாமா என்று அவள் கேட்டபோது, பொடியில் உப்பும் சர்க்கரையும் சமமாகக் கலந்திருக்கும் என்று நம்ப முடியாது, முழுப் பொட்டலத்தையும் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், மிஞ்சியதை ஒரு நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று செவிலியர் சொன்னதையே நானும் சொன்னேன்.

பருவத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த வினாத்தாளில் ஒரு படம் இருந்தது: வாய் அகன்ற டம்ளர், அதன் உயரத்தில் சரிபாதி வரை தண்ணீர். கீழே, ‘டம்ளரில் உள்ள நீரின் அளவைப் பின்னமாக எழுதுக’ என்ற வினா. விடைக்குறிப்பில் 1/2 என்று இருந்தது. பெரிய காலுக்குச் சொந்தக்காரியான மாணவி தேர்வு நடுவில் எழுந்து வந்து, “டீச்சர், இது சாய்ஞ்ச டம்ளரு. அரைன்னு எழுதவா, அரைக்குக் கம்மின்னு எழுதவா?” என்று காதோடு கேட்டாள். தேர்வறையில் பதில் சொல்லக் கூடாது என்பதால் உட்காரச் சொன்னேன். அவள் ‘அரைக்கும் குறைவு, பன்னிரண்டில் ஐந்து இருக்கலாம்’ என்று எழுதியிருந்தாள். எங்கள் டம்ளருக்கு அது ஏறக்குறையச் சரியான விடை. முழு மதிப்பெண் போட்டு, விடைத்தாளின் ஓரத்தில் காரணத்தையும் இரண்டு வரி எழுதி, தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறேன்.